வீடு அவளுக்கு, தவணை எனக்கு

மட்டக்களப்பார் வந்தவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூர்களில் ஒரு கதை உண்டு. பெண் எடுக்க வந்த மாப்பிள்ளை ஊர் திரும்புவதில்லையாம், அவன் உட்கார்ந்த பாயில் ஏதோ மந்திரம் செய்துவிடுகிறார்களாம். நானும் வடக்கிலிருந்து வேலை மாற்றலாகி வந்து நாவற்குடாப் பக்கம் ஒட்டிக்கொண்டவன்தான். ஒட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், மந்திரமெல்லாம் கிடையாது. பாய்க்குக் கீழே ஒரு வீடு இருக்கிறது. வீட்டுக்குக் கீழே ஒரு வங்கிக் கடன் இருக்கிறது. பதினைந்து வருடத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டவன் எழும்பி எங்கே போவான்?

மற்ற ஊர்க்காரருக்காக வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பெண்ணைப் பெற்றவர்கள் வீடு கட்டி அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை பெட்டியோடு அந்த வீட்டுக்கு வருவான். பெற்றவர்கள் அதே வளவின் பின்பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு ஒதுங்கிக்கொள்வார்கள். இதில் தமிழர், முஸ்லிம் என்ற பேதம் இல்லை. காத்தான்குடியில் மூன்று பெண்ணைப் பெற்ற வாப்பாவுக்கு மூன்று வீடு கட்டும் பொறுப்பு. முற்காலத்தில் இந்தப் பக்கத்தில் சொத்து தாய்வழியில் இறங்குவதற்குச் சட்டமே இருந்தது, முக்குவர் சட்டம் என்று பெயர். கிறிஸ்டோபர் பிரிட்டோ 1876இல் அதைப் புத்தகமாக எழுதி வைத்தார். அதே 1876இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. இன்று நீதிமன்றத்தில் அந்தச் சட்டம் செல்லாது. என் மாமியாரிடம் செல்லும்.

எனக்கு வாய்த்த சீதன வீட்டில் சுவர் இருந்தது, கூரை இல்லை. மாமனாரின் ஓய்வூதியப் பணம் லிண்டல் மட்டத்தோடு முடிந்துபோயிருந்தது. மீதியைக் கட்டி முடிக்க 2021 தொடக்கத்தில் 25 இலட்சம் வீட்டுக் கடன் கேட்டுப் போனேன்.

"காணி உறுதி யாரின்ட பெயரில?" என்று கடன் பகுதி அதிகாரி கேட்டார்.

"மனைவியின்ட பெயரில."

"வீடு?"

"அதுவும் அவவின்ட பெயரிலதான்."

"கடன்?"

"என்ர பெயரில."

மனிதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் இந்தப் பக்கத்தில்தான் கலியாணம் செய்திருக்க வேண்டும். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

உறுதிக் காணி இருந்ததே ஒரு கொடுப்பினை. வாவிக்கு அங்கால், படுவான்கரையில், பலருக்கு அரசாங்க அனுமதிப்பத்திரக் காணிதான், ஊர் வாயில் பொமிட் காணி. அதில் வீடு இருக்கும், வேளாண்மை இருக்கும், மாடு நிற்கும். ஈடு வைக்கப் போனால் மட்டும் அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி வங்கி அண்ணாந்து பார்க்கும்.

எனக்குக் கொடுத்தார்கள். வட்டி 9 வீதம், பதினைந்து வருடம், மாதம் 25,357 ரூபாய். முதல் தவணையில் 18,750 வட்டிக்குப் போனது, கடன் முதலில் கழிந்தது 6,607. அந்தக் காசுக்கு வீட்டில் எந்தப் பகுதி எனக்குச் சொந்தம் என்று ஒருநாள் கணக்குப் பார்த்தேன். குளியலறையில் ஒரு மூலை வந்தது. அந்த மூலையும் உறுதிப்படி அவளுடையதுதான்.

கடன் கடிதத்தில் ஒரு வரி இருந்தது: முதல் வருடத்துக்கு நிலையான வட்டி, அதன்பிறகு சந்தை வட்டிக்கு ஏற்ப மாறும். சந்தை என்றதும் எனக்கு நினைவு வந்தது மட்டக்களப்புப் பொதுச் சந்தை. அங்கே மீன் விலை காலையில் ஏறினால் மத்தியானம் இறங்கிவிடும். வட்டிச் சந்தை 2022இல் ஏறியது, அதற்கு மத்தியானம் வர ஒரு வருடத்துக்கு மேலாகியது. அந்த வருடம் ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நான்கு நாள் கழித்து, 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று நாடே கையை விரித்தது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம். நாடு தன் கடனைக் கட்டமாட்டேன் என்று சொன்னால் அதற்குப் பெயர் மறுசீரமைப்பு. நாங்கள் சொன்னால் அதற்குப் பெயர் ஏல அறிவித்தல்.

எனக்கு வந்த கடிதத்தில் வட்டி 20 வீதம். மீதிக் கடன் ஏறத்தாழ 23 இலட்சத்து 73 ஆயிரம். அதற்கு ஒரு மாத வட்டி மட்டும் 39,500 ரூபாய்க்கு மேல். என் கைக்கு வரும் சம்பளம் 45,000 சொச்சம். காலத்தை நீட்டித் தவணையைக் குறையுங்கள் என்று கேட்டுப் போனேன். அதிகாரி பொறுமையாக விளக்கினார்: இருபது வருடமாக்கினாலும், முப்பதாக்கினாலும், என் பேரன் வந்து கட்டுவதாக எழுதித் தந்தாலும், தவணை 39,500க்குக் கீழே இறங்காது. அது வெறும் வட்டி. கடைசியில் கொஞ்சக் காலத்துக்கு 30,000 கட்டுவது, மிச்ச வட்டியைத் தனியாக எழுதி வைப்பது என்று முடிந்தது. மாதம் தவறாமல் கட்டினேன், மாதம் தவறாமல் கடன் வளர்ந்தது.

அதே நாட்களில் கையில் காசு வைத்திருந்தவர்களுக்கு யோகம். திறைசேரி உண்டியலுக்கு 30 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. எங்கள் தெருவில் ஒருவர் வீடு கட்டாமல், கடன் எடுக்காமல், பெண்பிள்ளையும் பெறாமல் இருந்தார். ஊரே அவருக்காக இரக்கப்பட்டது. அந்த வருடம் அவர் எங்களுக்காக இரக்கப்பட்டார்.

அரசாங்க உத்தியோகத்தனுக்கு ஆறுதலாக டிஸ்ட்ரஸ் லோன் என்று ஒன்று உண்டு. அப்போது வட்டி 4.2 வீதம், ஆகக் கூடியது இரண்டரை இலட்சம். ஆனால் பிணைக்கு ஆள் வேண்டும். எங்கள் கந்தோரில் நான் இருவருக்குப் பிணை, அவர்கள் வேறு நால்வருக்குப் பிணை, அந்த நால்வரில் ஒருவர் எனக்குப் பிணை. யாராவது ஒருவர் கட்டாமல் விட்டால் கிளை முழுவதும் சேர்ந்து விழும். அதனால்தான் எங்கள் கந்தோரில் எல்லாருடைய உடல்நலத்தையும் எல்லாரும் அவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறோம்.

வருமானத்தைக் கூட்டு என்று சொல்லாதவர் இல்லை. சின்ன மச்சான் நண்டு வளர்க்கச் சொன்னார். வாவியில் பிடிபடும் மெலிந்த களப்பு நண்டைக் கூட்டில் போட்டுக் கொழுக்க வைத்தால் சிங்கப்பூர் வரைக்கும் விலை போகுமாம். உண்மைதான், இலங்கை நண்டுக்கு அங்கே பெரிய பேர். ஆனால் நண்டுக்கு ஒவ்வொரு நாளும் மீன் போட வேண்டும். நாங்களே கிழமைக்கு இரண்டு நாள் மீன் வாங்கிய காலம் அது. சிங்கப்பூருக்குப் போகிற நண்டு எங்களை விட நன்றாகச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் ஒப்பவில்லை.

வருமானத்தை உண்மையில் கூட்டியவள் என் மனைவி. படுவான்கரையிலிருந்து விடியலில் எருமைப்பால் வரும். அவள் அதைக் காய்ச்சி, சட்டியில் உறைய வைத்து, கடைகளுக்கும் கலியாண வீடுகளுக்கும் தயிராகக் கொடுத்தாள். பால்காரருக்குப் பணம், சட்டிக்குப் பணம், விறகுக்குப் பணம் எல்லாம் போக மாதம் பத்தாயிரம் அளவில் நின்றது. விற்காமல் மிஞ்சிய சட்டிகளுக்கு நான் பொறுப்பு. மற்ற வீடுகளில் நெருக்கடி மனிதரை மெலிய வைத்தது. என்னைப் பார்த்தவர்கள் பதவி உயர்வா என்று கேட்டார்கள்.

அந்தப் பத்தாயிரம் வங்கிக்குப் போகவில்லை, சீட்டுக்குப் போனது. எங்கள் தெருவில் சீட்டுப் பிடிக்கும் அக்காவுக்குக் கந்தோர் கிடையாது, படிவம் கிடையாது, பிணையாளி கிடையாது. இருபது சீட்டு, சீட்டுக்கு மாதம் ஐயாயிரம், மாதம் ஒருவருக்கு ஒரு இலட்சம். முதல் சீட்டு அக்காவுக்கு. மனைவி அதில் இரண்டு சீட்டுப் போட்டாள். இந்த அமைப்பை எந்த மத்திய வங்கியும் மேற்பார்வை செய்வதில்லை. ஆனால் வைகாசி மாதம் கண்ணகி அம்மன் சடங்குக்கு எல்லாரும் ஒரே கோயிலுக்குத்தான் வர வேண்டும். சீட்டுக் காசை விழுங்கியவள் எந்த முகத்தோடு வந்து நிற்பாள்? பெரிய பெரிய நிதிக் கம்பனிகளில் வைப்பு வைத்து ஏமாந்தவர்கள் நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எங்கள் அக்காவின் சீட்டு ஒரு மாதம்கூடப் பிந்தியதில்லை.

சிரிக்க முடியாத இடம் ஒன்றும் இதில் உண்டு. கிழமை லோன். மோட்டார் சைக்கிளில் வந்து, பெண்களைக் குழுவாக்கி, ஒருத்திக்கு மற்றவளைப் பிணையாக்கிக் கொடுக்கும் நுண்கடன். ஒன்றைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது என்று போய், கிழமை நாள் ஐந்துக்கும் ஐந்து கம்பனி வாசலில் நிற்கும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். 2018இல் அரசாங்கமே தலையிட்டு, வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் கொடுக்க வேண்டி வந்தது. கையெழுத்துப் போடப் போகும் பெண்களிடம் என் மனைவி ஒரே கேள்விதான் கேட்பாள்: "கிழமைக்கு எவ்வளவு எண்டு சொன்னாங்க சரி. வருசத்துக்கு எவ்வளவு எண்டு கேட்டியாகா?"

பிறகு வட்டி இறங்கியது. 2023 ஜூனில் மத்திய வங்கி குறைக்கத் தொடங்கியது. 2025 மே மாதத்தில் கொள்கை வட்டி 7.75 வீதத்துக்கு வந்தது. சம்பளமும் கொஞ்சம் கூடியது. கூடியதில் பாதியைத் தேங்காய் கொண்டுபோனது, ஒரு காய் 200 ரூபாயைத் தாண்டியபோது சொதியின் நிறம் மாறிவிட்டது. ஆனாலும் மூச்சு விட ஓர் இடைவெளி கிடைத்தது. அந்த இடைவெளியைப் பார்த்து மாமி பின்வீட்டிலிருந்து வந்தார்.

"மனே, பொண்ணுக்குப் பத்து வயசாகப் போகுது. பக்கத்து வளவில ஒரு அத்திவாரமாவது போட்டு வைச்சா மறுகா லேசு."

இதுதான் எங்கள் ஊர்க் கணக்கு. முதல் வீடு மனைவிக்கு, இரண்டாவது வீடு மகளுக்கு. இரண்டுக்கும் தவணை கட்டிய ஆள் கடைசியில் பின்வீட்டுத் திண்ணையில் இருப்பார். மாமாவும் அப்படித்தான் இருந்தார், நல்ல சந்தோசமாகத்தான் இருந்தார். கடன் இல்லாத முதல் வருடம் அது என்று சொல்வார்.

மாமி சொன்ன அத்திவாரத்துக்கு வங்கியில் வைப்புத் தொடங்கலாமா என்று மனைவியிடம் கேட்டேன். அவள் தயிர்க் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள். வைப்புக்கு வட்டி 8 வீதம் என்று வைத்தால், 2025 ஏப்ரலிலிருந்து அதில் பத்திலொன்று வரியாகப் பிடிக்கிறார்கள். இலட்சத்துக்கு வருடம் 7,200 கையில் வரும். எங்கள் கடனுக்கு அப்போது 12 வீதம், அதே இலட்சத்துக்கு 12,000 போகிறது. சேமிக்கிறோம் என்ற சந்தோசத்துக்கு வருடம் 4,800 ரூபாய் விலை. அதனால் மூன்று மாதச் செலவுக்கு மட்டும் வங்கியில் வைத்தாள், காப்பு அடகுக்குப் போகாதிருக்க அது போதும் என்றாள். சீட்டு விழும் ஒவ்வொரு தடவையும் மிச்சத்தைக் கடனின் முதலில் கட்டினாள். முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் உண்டா என்றும் முதலிலேயே கேட்டு வைத்திருந்தாள்.

வீட்டுக் கடன் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. வட்டி கூடினால் வங்கிக் கடிதம் வீடு தேடி வரும். குறைந்தால் நாங்கள்தான் வங்கியைத் தேடிப் போக வேண்டியிருந்தது. உங்கள் கடன் ஒப்பந்தத்தை அலுமாரியிலிருந்து எடுத்து, வட்டி எந்தத் திகதியில் மீளாய்வு செய்யப்படும் என்ற வரியைப் பாருங்கள். திகதி கடந்திருந்தால் இந்தக் கிழமையே போய்க் கேளுங்கள். உறுதி யார் பெயரில் இருக்கிறதோ அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நான் தனியாகப் போய்க் கேட்டபோது பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். அவள் வந்து கேட்டபோது இரண்டு வீதம் குறைத்தார்கள்.