நடுத்தரக் குவாட்டர்பேக், முதல்தரக் கோப்பை

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் அணிக்குப் பதினொரு பேர் களத்தில் நிற்கிறார்கள். பேச்சு மட்டும் குவாட்டர்பேக் ஒருவரையே சுற்றி வருவது ஏன்?

பதில்: பந்து முதலில் போய்ச் சேரும் கை அவருடையது. தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அவற்றுக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடியும் நான்கு. ஒவ்வொரு வாய்ப்பிலும் குவாட்டர்பேக் பந்தை வாங்கி, ஓடுபவரிடம் கொடுக்கிறார், தூரத்தில் இருக்கும் கூட்டாளிக்கு வீசுகிறார், அல்லது தானே எடுத்துக்கொண்டு ஓடுகிறார். வீசுவதென்றால் யாருக்கு என்று முடிவெடுக்கக் கிடைப்பது சில நொடிகளே. ஆனால் எதிரணியிடம் பந்து இருக்கும்போது அவர் களத்திலேயே இல்லை. அப்போது வேறு பதினொரு பேர் தற்காப்புக்கு இறங்குகிறார்கள். உதைப்பதற்கும் தனிக் குழு உண்டு. அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணி ஒன்றின் பட்டியலில் 53 பேர். சராசரி குவாட்டர்பேக்கின் தலைவிதியை எழுதுவது மற்ற 52 பேர்.

கேள்வி: ஒருவரைச் சராசரி என்று எதை வைத்துச் சொல்வது?

பதில்: நான்கு கணக்குகளை வைத்து. வீசிய பந்துகளில் எத்தனை சதவீதம் கூட்டாளியிடம் சேர்ந்தன, ஒரு வீச்சுக்கு எத்தனை யார்டு கிடைத்தது, எத்தனை வீச்சுகள் டச்டவுனில் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்ப்பதில்) முடிந்தன, எத்தனை வீச்சுகளை எதிரணி இடைமறித்துப் பறித்தது (இன்டர்செப்ஷன்) ஆகிய நான்கையும் சேர்த்து என்.எஃப்.எல். 1973 முதல் மதிப்பெண் போடுகிறது. உச்ச மதிப்பெண் 158.3. லீகில் 32 அணிகள். அவற்றின் முதன்மைக் குவாட்டர்பேக்குகளில் நடுவில் நிற்பவரே சராசரி. அவர் மட்டமான ஆட்டக்காரர் அல்லர். உலகத்திலேயே இந்த வேலையைச் செய்யத் தெரிந்த சில டஜன் பேரில் ஒருவர். அவருக்கு முன்னால் நின்று காக்கும் வரிசை எவ்வளவு பலமானது என்பதை இந்த மதிப்பெண் தனியாகக் காட்டுவதில்லை.

கேள்வி: அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு கோப்பை வென்ற அணி உண்டா?

பதில்: உண்டு. 2000ஆம் ஆண்டின் பால்டிமோர் ரேவன்ஸ் அதற்கு முதல் சாட்சி. அந்த அக்டோபரில் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் அதன் தாக்குதல் ஒரு டச்டவுன்கூட எடுக்கவில்லை. அவற்றிலும் இரண்டை, பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்துப் பெறும் ஃபீல்டு கோல்களாலேயே வென்றது. குவாட்டர்பேக் டோனி பேங்ஸுக்குப் பதிலாக வந்த டிரென்ட் டில்ஃபர் அந்த சீசனில் 12 டச்டவுன் வீசினார், 11 இன்டர்செப்ஷன் கொடுத்தார். ஆனால் அவர் தொடங்கிய எட்டு லீக் ஆட்டங்களில் ஏழு வெற்றி. காரணம் தற்காப்பு: 16 ஆட்டங்களில் அது விட்டுக்கொடுத்தவை வெறும் 165 புள்ளிகள், 16 ஆட்ட சீசனில் அதுவே சாதனை. 2001 ஜனவரி 28 அன்று டாம்பாவில் நடந்த, கோப்பைக்கான இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் நியூயார்க் ஜயன்ட்ஸை 34-7 என்று வீழ்த்தினார்கள். ஜயன்ட்ஸின் அந்த ஏழு புள்ளிகளும் உதைத்த பந்தை எடுத்து ஓடியதில் வந்தவை. ரேவன்ஸ் தற்காப்பு ஒரு புள்ளியும் தரவில்லை. டில்ஃபர் 25 பந்துகள் வீசி 12ஐச் சேர்த்தார். ஆட்ட நாயகன் விருது தற்காப்பு வீரர் ரே லூயிஸுக்குப் போனது.

கேள்வி: ஒரே ஒரு தடவை நடந்ததை விதியாக்கலாமா?

பதில்: கூடாது; ஆனால் 2015 டென்வர் பிராங்கோஸும் அதே பாடத்தைச் சொல்கிறது. அங்கே குவாட்டர்பேக் பெய்டன் மேனிங், விளையாட்டு வரலாற்றின் மகத்தானவர்களில் ஒருவர். ஆனால் வயதும் காயமும் சேர்ந்த அந்தக் கடைசி சீசனில் அவர் வீசியவை 9 டச்டவுன், கொடுத்தவை 17 இன்டர்செப்ஷன். சராசரிக்கும் கீழான அந்த ஆண்டில்தான் கோப்பை வந்தது. லீகிலேயே அதிகமாக 500 புள்ளிகள் குவித்திருந்த கரோலினா பாந்தர்ஸை டென்வர் 24-10 என்று வென்றது. மேனிங் சேர்த்தது 141 யார்டு மட்டுமே. தற்காப்பு வீரர் வான் மில்லர் இரண்டு முறை எதிரணிக் குவாட்டர்பேக் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டார், இரண்டும் டச்டவுனுக்கு வழிவகுத்தன. இதே மேனிங் 55 டச்டவுன் வீசிச் சாதனை படைத்த 2013 சீசனில், டென்வர் சூப்பர் பவுலில் சியாட்டில் தற்காப்பிடம் 43-8 என்று தோற்றிருந்தது.

கேள்வி: தற்காப்பு அந்த அளவுக்கு இல்லாத அணிக்கு வேறு வழியே இல்லையா?

பதில்: முன்வரிசை ஒரு வழி. வாஷிங்டன் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் 1982, 1987, 1991 சீசன்களில் மூன்று சூப்பர் பவுல் வென்றார். மூன்றிலும் மூன்று வெவ்வேறு குவாட்டர்பேக்குகள்: ஜோ தைஸ்மன், டக் வில்லியம்ஸ், மார்க் ரிப்பியன். மூவரில் யாரும் விளையாட்டின் மகத்தானவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இல்லை. கிப்ஸ் இருக்கிறார், ‘ஹாக்ஸ்’ என்று பெயர்பெற்ற முன்வரிசையில் ஆடிய ரஸ் கிரிம் இருக்கிறார். வில்லியம்ஸ் 1987இல் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகவே இருந்தவர். ஆனால் இறுதி ஆட்டத்தின் இரண்டாம் கால்பகுதியில் மட்டும் நான்கு டச்டவுன் வீசினார். அந்தக் கால்பகுதியில் அணிக்கு 35 புள்ளிகள். சூப்பர் பவுல் வென்ற முதல் கறுப்பினக் குவாட்டர்பேக் அவரே. வீசுபவருக்கு நிற்க நேரமும், அதே ஆட்டத்தில் 204 யார்டு ஓடிய டிம்மி ஸ்மித்துக்குப் பாதையும் அமைத்துக் கொடுத்தது அந்த முன்வரிசை. தேர் நகர ஊர் கூட வேண்டும்.

கேள்வி: எல்லாவற்றையும் மற்றவர்களே செய்துவிட்டால், குவாட்டர்பேக்குக்கு என்ன வேலை மிச்சம்?

பதில்: இரண்டு வேலைகள். முதலாவது, பந்தைத் தொலைக்காமல் இருப்பது. 2006 சிகாகோ பேர்ஸ் லீக் ஆட்டங்களில் 13 வெற்றி, 3 தோல்வி என்ற கணக்கோடு சூப்பர் பவுலுக்கு வந்தது. ஆட்டத்தின் முதல் உதையையே டெவின் ஹெஸ்டர் டச்டவுனாக்கினார். கடைசிக் கால்பகுதியில் 22-17 என்று பின்தங்கி, எட்டும் தூரத்தில் இருந்தபோது அதன் குவாட்டர்பேக் ரெக்ஸ் கிராஸ்மன் வீசிய பந்தை இண்டியனாபொலிஸ் கோல்ட்ஸ் பறித்து டச்டவுனாக்கியது. அத்தோடு கை நழுவியது கோப்பை. இரண்டாவது, கேட்கப்படும் அந்தச் சில வீச்சுகளைத் தவறாமல் வீசுவது. டில்ஃபர் அந்த 2000 சீசனில் ஓக்லண்டுக்கு எதிரான அரையிறுதியில் கூட்டாளி ஷானன் ஷார்ப்புக்கு வீசிய ஒரு பந்து 96 யார்டு போய் டச்டவுனானது. இறுதி ஆட்டத்தில் அவர் ஒரு இன்டர்செப்ஷனும் கொடுக்கவில்லை. சிக்கனமாக வீசி, குறி தவறாமல் இருப்பது எளிய வேலையல்ல.

கேள்வி: குவாட்டர்பேக்கை ஒளித்துவைத்தே கடைசிவரை போய்விட முடியுமா?

பதில்: கடைசிப் படிக்கு முந்தைய படிவரை போகலாம். 2019 சீசனின் அரையிறுதியில் சான் பிரான்சிஸ்கோ கிரீன் பே அணியை 37-20 என்று வென்றபோது அதன் குவாட்டர்பேக் ஜிம்மி கராப்பலோ வீசியது எட்டே பந்துகள். ரஹீம் மோஸ்டர்ட் 220 யார்டு ஓடி நான்கு டச்டவுன் எடுத்தார். இரண்டு வாரம் கழித்து சூப்பர் பவுலின் கடைசிக் கால்பகுதியில் அதே அணி 20-10 என்று முன்னிலையில் இருந்தது. பேட்ரிக் மஹோம்ஸ் தலைமையில் கேன்சஸ் சிட்டி அடுத்தடுத்து 21 புள்ளிகள் எடுத்து 31-20 என்று முடித்தது. முன்னிலை கரையும்போது பதிலுக்கு வீசி மீட்கும் கை தேவைப்பட்டது.

கேள்வி: ஒரே ஒரு பெரிய நாளில் மின்னியவருக்கு அள்ளிக் கொடுக்கலாமா?

பதில்: அங்கேதான் அணிகள் சறுக்குகின்றன. 1994 முதல் ஒவ்வொரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுப்பது இன்னொருவரிடமிருந்து எடுத்ததுதான். 2012 சீசனின் பிளே ஆஃபில் (லீக் ஆட்டங்களுக்குப் பிந்தைய வெளியேற்றுச் சுற்றுகளில்) குவாட்டர்பேக் ஜோ ஃப்ளாக்கோ 11 டச்டவுன் வீசி, ஒரு இன்டர்செப்ஷனும் தராமல் ரேவன்ஸுக்குக் கோப்பை கொண்டுவந்தார். உடனே ஆறு ஆண்டுக்கு 120.6 மில்லியன் டாலர் ஒப்பந்தம். அடுத்த ஐந்து சீசன்களில் அணி பிளே ஆஃபுக்குப் போனது ஒரே முறை. மாற்று ஆட்டக்காரராக வந்து 2018 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவுக்குச் சூப்பர் பவுல் வென்று தந்த நிக் ஃபோல்ஸை, அடுத்த ஆண்டு ஜாக்சன்வில் நான்கு ஆண்டுக்கு 88 மில்லியன் டாலருக்கு எடுத்தது. காயமும் குறுக்கிட, அவர் தொடங்கிய நான்கு ஆட்டங்களிலும் அங்கே தோல்வி.

கேள்வி: சராசரிக்காரர் வென்ற கோப்பை மறு ஆண்டும் வருமா?

பதில்: அரிது. நல்ல தற்காப்புக்குப் பதினொரு பேர் ஒரே நேரத்தில் உடல்நலத்தோடும் உச்சத்தோடும் இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்து சிலர் போவார்கள், காயத்தில் சிலர் சாய்வார்கள். ரேவன்ஸ் டில்ஃபரை மறுபடி ஒப்பந்தம் செய்யாமல் எல்விஸ் கர்பாக்கை எடுத்தது. அப்போதும் மறு ஆண்டு கோப்பை வரவில்லை. ஒரு மகத்தான குவாட்டர்பேக்கோ சுற்றியிருப்பவர்கள் மாறினாலும் அணியைப் போட்டியில் வைத்திருப்பார். டாம் பிராடியின் ஏழு கோப்பைகளில் முதலாவது 2001 சீசனிலும் கடைசி 2020 சீசனிலும் வந்தன.

விதிகளும் வீசுபவர் பக்கமே சாய்ந்துவிட்டன. 1978இல், பந்து பிடிக்க ஓடுபவரை ஐந்து யார்டுக்கு அப்பால் இடிக்கத் தடை வந்தது. முன்வரிசையினர் கையை நீட்டிக் காக்க அனுமதியும் கிடைத்தது. 2004இல் அந்தத் தடை கண்டிப்பாக அமலானது. வீசி ஆடுவது எளிதானபோது, நன்றாக வீசுபவரின் மதிப்பும் ஏறியது.

கேள்வி: முடிவாக, சராசரி குவாட்டர்பேக்கை வைத்திருக்கும் அணி என்ன செய்ய வேண்டும்?

பதில்: அவருக்கு நடுத்தரச் சம்பளம் கொடுத்து, மிச்சத்தை முன்வரிசைக்கும் தற்காப்புக்கும் செலவிட வேண்டும். ஓட்டத்தை முதன்மையாக்கி, அவர் நன்றாக வீசும் சில வீச்சுகளைச் சுற்றித் திட்டம் போட வேண்டும். எல்லாம் கூடிவரும் அந்த ஓரிரு ஆண்டுகளைத் தவறவிடாமல் முழு மூச்சாக ஆட வேண்டும். கூடவே, அடுத்த நல்ல குவாட்டர்பேக்கைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். சராசரி குவாட்டர்பேக்கோடு ஒரு சீசனை வெல்லலாம். பத்தாண்டை வெல்ல அதற்கு மேலான ஒருவர் வேண்டும்.