காத்தா, காதா?

“அம்மா மண்டபம் ரோடு சார்! காவேரிக் காத்து, கோயில் மணி… அமைதின்னா அப்படியொரு அமைதி” என்றார் வீட்டுப் புரோக்கர். சொல்லி வாய் மூடவில்லை, கீழே ஒரு டவுன் பஸ் ஏர்ஹாரனில் ஆமோதித்தது. ஜன்னல் கண்ணாடியும் கூடவே தலையாட்டியது.

2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45தான் உச்சவரம்பு. பஸ்ஸுக்கு விதி படிக்க ஏது நேரம்? சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அடுத்த ட்ரிப் காத்திருக்கிறது.

ரங்கநாதர் ஏழு பிராகாரம் தள்ளி உள்ளே போய்ப் படுத்த ரகசியம் அன்றைக்குத்தான் விளங்கியது. நமக்கு வாய்த்தது ஒற்றை ஜன்னல். திறந்தால் காது போச்சு. சாத்தினால் காத்து போச்சு. வாடகை மட்டும் இரண்டுக்கும் சேர்த்து.