ரெட்மண்ட் புதுப்பிப்புத் துறைக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: புதுப்பிப்புத் துறை, மைக்ரோசாஃப்ட் நிறுவனம், ரெட்மண்ட்.
அனுப்புநர்: சிங்கப்பூர், பிடோக் நார்த் புளோக்குகளின் கீழ்த்தளக் கடைகளில் உழைக்கும் பழைய கணினிகள்.
பொருள்: புதுப்பித்த மறுநாள் ஆபீஸ் திறக்க மறுப்பது தொடர்பாக.

பழைய ஆபீஸ் மென்பொருள் மூப்பினால் சாவது அரிது. ரெட்மண்டிலிருந்து வரும் மருந்தைக் குடித்துச் சாவதே வழக்கம். பாதுகாப்புப் புதுப்பிப்பு எனப்படும் இம்மருந்து மாதம் ஒருமுறை, இரண்டாம் செவ்வாய்க்கிழமை, அங்கே காலை 10 மணிக்கு வெளியாகிறது. பிடோக்கில் அப்போது புதன் அதிகாலை 1 மணியோ 2 மணியோ இருக்கும். மினிமார்ட்டின் இழுகதவு இறங்கிக் கிடக்க, மேற்படி துறை உள்ளே நுழைந்து, வேலையை முடித்து, கணினியை அணைத்து மறுபடி இயக்கிவைத்துவிட்டும் போய்விடுகிறது. காலையில் கடைக்காரர் எக்செலைத் தட்டுகிறார். பச்சைப் பெட்டி ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு மறைகிறது. மறுபடி தட்டினால் மறுபடி எட்டிப் பார்க்கிறது.

காரணம் மாயமல்ல. எக்செலோ வேர்டோ திறக்கும்போது தனியாக வருவதில்லை. டிஎல்எல் எனப்படும் பொதுக் கோப்புகள் பலவற்றையும் ஆட்-இன் எனப்படும் ஒட்டு நிரல்களையும் அழைத்துக்கொண்டு வருகிறது. புதுப்பிப்பு அவற்றில் சிலவற்றை மட்டும் மாற்றுகிறது. கணக்கு மென்பொருளோடு என்றோ வந்து ஒட்டிக்கொண்ட ஆட்-இன்னுக்கு அந்த மாற்றம் தெரியாது. நினைவகத்தில் தனக்கு உரிமையில்லாத இடத்தில் அது கைவைக்கிறது. விண்டோஸ் மொத்த நிரலையும் மூடிவிடுகிறது. பிழை புதுப்பிப்பிலேயே இருப்பதும் உண்டு.

இந்த இரண்டாம் வகையில் துறையின் தலையாய சாதனை 2018 நவம்பரில் நிகழ்ந்தது. ஜப்பானியப் பேரரசர் அக்கிஹிட்டோ 2019 ஏப்ரல் 30 அன்று பதவி விலகவிருந்தார். மறுநாள் முதல் புதிய சகாப்தம். அதற்கு ரெய்வா என்று பெயர் சூட்டப்போவது அப்போது வெளியே தெரியாது. ஆனாலும் நாட்காட்டியைத் தயார் செய்துவைக்க ஆபீஸ் 2010-க்கு இரண்டு புதுப்பிப்புகள் வந்தன. அவற்றை நிறுவினால் தரவுத்தள நிரலான ஆக்ஸஸும் வேறு சில நிரல்களும் விழக்கூடும் என்று பிறகு தெரிந்து, துறையே அவற்றைத் திரும்பப் பெற்றது. டோக்கியோவில் அரியணை மாறுவதற்கு ஐந்து மாதம் முன்பே மற்ற ஊர்களில் தரவுத்தளங்கள் முடிதுறக்கும் நிலை வந்தது.

அதே மாதம் அவுட்லுக் 2010-இன் 64-பிட் பதிப்பு, பாதுகாப்புப் புதுப்பிப்பை ஏற்றதும் திறக்கும்போதே சரிந்தது. புதுப்பிப்பை நீக்க வேண்டாம், தீர்வு வரும்வரை உலாவி வழியாக மின்னஞ்சல் பார்க்கலாம் என்பது துறையின் அறிவுரை. பாதுகாப்பு நோக்கில் இதில் குறை காண இடமில்லை: திறக்காத அவுட்லுக்குக்குள் எந்த வைரஸும் நுழையாது.

2025 ஏப்ரல் 8 அன்று ஆபீஸ் 2016-க்கு வந்த கேபி 5002700 என்ற புதுப்பிப்பு வேர்டு, எக்செல், அவுட்லுக் மூன்றையும் முடக்கியது. இரண்டு நாளில் மாற்றுப் புதுப்பிப்பு வந்தது. விரைவான சேவைதான். ஆனால் சிங்கப்பூரில் ஏப்ரல், மார்ச்சோடு முடியும் காலாண்டின் பொருள், சேவை வரிக் கணக்கை ஒப்படைக்கும் மாதம்; கடைசி நாள் 30. எக்செல் திறக்கவில்லை என்பதை வரி ஆணையம் காரணமாக ஏற்றுக்கொள்ளும் என்று எந்தக் கடைக்காரரும் நம்புவதில்லை.

பழுதைத் தேடும் முறைக்கு ஒரு வரிசை உண்டு. கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்தபடி நிரலைத் திறந்தால், சேஃப் மோடில், அதாவது ஆட்-இன்கள் இல்லாமல், திறக்கட்டுமா என்று அது கேட்கும். அப்படித் திறந்தால் குற்றவாளி பெரும்பாலும் ஆட்-இன். எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால் அகப்படும். வேர்டு மட்டும் விழுந்தால் நார்மல் டெம்ப்ளேட்டின் பெயரை மாற்றினால் போதும். வேர்டு புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். கம்பி பிடுங்கிக் கிடக்கும் அச்சுப்பொறி இயல்பு அச்சுப்பொறியாக இருந்தாலும் தகராறு வரும். பலர் அச்சுப்பொறியைச் சந்தேகிப்பதேயில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் எந்த மாட்யூல் காலை வாரியது என்று பெயரோடு பதிவாகியிருக்கும். அடுத்தது ஆபீஸைப் பழுதுபார்க்கும் ரிப்பேர். அதுவும் பலிக்காவிட்டால் கன்ட்ரோல் பேனலில் நிறுவப்பட்ட புதுப்பிப்புகளின் பட்டியலைத் திறந்து, விழுந்த நாளுக்கு முந்தைய இரவில் வந்ததை நீக்க வேண்டும். நீக்கியதை அடுத்த இரவே துறை திரும்பக் கொண்டுவந்து வைக்காதிருக்கப் புதுப்பிப்பைச் சில நாள் நிறுத்திவைப்பதும் அவசியம். ஏற்றுவதற்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இறக்குவதற்கு மட்டும் இத்தனை படிப்பு.

புதுப்பிப்பே வேண்டாம் என்று விலகவும் வழியில்லை. அடைக்காத ஓட்டை வழியாகவும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்கள் வருகின்றன. அடைப்பு வருவதற்கும் கெடு உண்டு: ஆபீஸ் 2010-க்கான ஆதரவு 2020 அக்டோபர் 13-இலும், ஆபீஸ் 2013-க்கானது 2023 ஏப்ரல் 11-இலும் முடிந்தன. ஆபீஸ் 2016, 2019, விண்டோஸ் 10 மூன்றுக்கும் 2025 அக்டோபர் 14 ஒரே நாளில் காரியம் நடந்தது. சந்தா கட்டுவோருக்கு இக்கவலை இல்லை என்கிறது துறை. ஒருமுறை காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாதாமாதம் வாடகை கட்டினால் கவலை தீரும் என்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்பாளர்களுக்கு எளிதில் புரியாத பொருளாதாரம்.

ஆகவே கோரப்படுவன: நிரல் திறக்காதபோது, நேற்றிரவு எந்தப் புதுப்பிப்பு வந்தது என்பதை அந்த எச்சரிக்கைப் பெட்டியிலேயே சொல்ல வேண்டும். அதை நீக்கும் பொத்தானும் அங்கேயே இருக்க வேண்டும். இரண்டும் இயலாதெனில், ஏப்ரல் 30 வரையாவது பிடோக்கின் புதன்கிழமைகளை விட்டுவைக்க வேண்டும்.