ரஃப் எங்கே?

டிசைன் கல்லூரிகளில் ஜூரிக்குப் போய் உட்கார்ந்தால், மாணவர் செய்த வேலை கண்ணில் படுவதற்குள் டீ வந்து ஆறியும் போய்விடுகிறது. முதலில் வருவது ‘ப்ராசஸ் புக்’. ஸ்பைரல் பைண்டிங், மேட் லேமினேஷன் போட்ட அட்டை, ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும் கனம். போன செமஸ்டரில் ஒரு மாணவி கருப்பட்டி மிட்டாய்க்கு லோகோவும் டப்பாவும் செய்திருந்தாள். புத்தகத்தில் பனைமரம் இருந்தது, பதநீர் இருந்தது, போட்டிக் கம்பெனிகளின் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. மைண்ட் மேப், மூட் போர்டு எல்லாம் உண்டு. வாங்கப்போகிறவர் யார் என்று ஒரு கற்பனைப் பெண்மணியும் உண்டு: வயது 27, ஐ.டி. வேலை, வார இறுதியில் யோகா, வெள்ளைச் சர்க்கரை என்றால் பயம். அப்புறம் பக்கம் பக்கமாகப் பென்சில் கிறுக்கல்கள். அப்புறம் லோகோவின் மேல் வட்டம் வட்டமாகப் போட்டு, இது 1.618 என்ற தங்க விகிதத்தில் பிறந்தது என்று நிரூபணம். முடிவில் ‘படைப்பாளியாக என் வளர்ச்சி’ என்று ஒரு நீண்ட கட்டுரை.

டப்பா எங்கே என்று தேடினேன். பின்னட்டைக்கு முந்தின பக்கத்தில் இருந்தது.

நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல மார்க் ஷீட்டில் இடம்தான் குறைவு. செயல்முறைக்கு 40, சிந்தனைக் குறிப்புக்கு 20, வாய்மொழிக்கு 15, முடிந்த வேலைக்கு 25. நான் கணக்கில் மக்கு. ஆனாலும், டப்பாவே செய்யாமல் வந்தவரும் முதல் வகுப்புக்குத் தேறலாம் என்பது அந்த வேகத்திலேயே புரிந்துவிட்டது.

நான் படித்தது 1980-களின் நடுவில், சென்னையில் ஒரு ஓவியக் கல்லூரியில். பாடத்தின் பெயர் கமர்ஷியல் ஆர்ட். பெயின்டிங், சிற்பம் படித்தவர்கள் எங்களைப் பார்த்த பார்வையில் அந்த முதல் சொல்லின் மேல் ஒரு இளக்காரம் இருக்கும். மாதக் கடைசியில் டீக்கடையில் கணக்கைத் தீர்க்க எங்களைத்தான் தேடுவார்கள். எங்களுக்கு ‘செயல்முறை’ என்று ஒன்று இருந்ததே வெளியே தெரியக்கூடாது. பென்சில் கோடு தெரிந்தால் மார்க் போச்சு. ஒட்டின தாளின் விளிம்பு தெரிந்தால் போச்சு. படிப்பில் பாதி, தடயத்தை அழிக்கிற வித்தைதான்.

அந்த அழிப்புக்குக் காரணம் இருந்தது. அன்றைக்கு ஆர்ட் ஒர்க் என்றால் வெள்ளை அட்டையில் எழுத்தையும் படத்தையும் வெட்டி, ரப்பர் சொல்யூஷன் தடவி ஒட்டியது. அது நேராக பிரஸ் கேமராவுக்குப் போகும். ஒட்டின தாளின் ஓரத்தில் விழும் மயிரிழை நிழல்கூட நெகட்டிவில் கோடாக வந்து நிற்கும். அதனால் ஓரமெல்லாம் வெள்ளை பூசி மூடுவோம். அதற்கும் தப்பி விழுந்த கோட்டை, பிரஸ்ஸில் லைட் டேபிள் மேல் நெகட்டிவைப் போட்டு, சின்ன பிரஷ்ஷால் ஒபேக் என்கிற ஒளிபுகாப் பூச்சு வைத்து அடைப்பார்கள். அடைக்கிறவர் அன்று கோபத்தில் இருந்தால் எழுத்தின் புள்ளியும் சேர்ந்து போகும்.

முதல் வருடம் முழுக்க எங்களுக்கு ஐடியாவே கேட்கப்படவில்லை. போஸ்டர் கலரைத் திட்டுத் திட்டாக இல்லாமல் ஒரே சீராகப் பூசு, அவ்வளவுதான். சொல்வது சுலபம். கலர் தோசை மாவு பதத்துக்கு வரவேண்டும். தண்ணீர் கூடினால் அடியில் தாள் தெரியும், குறைந்தால் பிரஷ் தடம் நிற்கும். ஓரத்துக்கு முதலில் ரூலிங் பேனாவில் அதே கலரை நிரப்பிக் கோடு இழுத்து, அது காய்வதற்குள் உள்ளே நிரப்பிக்கொண்டு வரவேண்டும். நடுவில் கலர் தீர்ந்தால் தொலைந்தோம். போஸ்டர் கலர் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். வெளிர் கலர் ஒரு சாயல் இறங்கும், அடர் கலர் வெளுக்கும். மறுபடி கலந்து அதே நிறத்தைப் பிடிப்பது நடக்காத காரியம். அதனால் விவரம் தெரிந்தவன் தேவைக்கு இரண்டு பங்கு கலந்து வைப்பான், காசில்லாதவன் இருப்பதை வைத்து வேண்டிக்கொண்டே பூசுவான்.

சார் வருவார். அட்டையை எட்ட வைத்துக் கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பார். “கழுவிட்டு வா” என்பார். அதுதான் எங்கள் ஒரு வருடத்துச் சிந்தனைக் குறிப்பு. குழாயடியில் அட்டையைக் கழுவும்போது நீலமும் மஞ்சளும் சேர்ந்து பச்சையாகச் சாக்கடையில் ஓடும். அன்றைக்கு யாராவது என்னிடம் வந்து, படைப்பாளியாக உன் வளர்ச்சி பற்றி எழுது என்று சொல்லியிருந்தால், சாப்பாட்டு டோக்கன் இருக்கிறதா என்று கேட்டிருப்பேன்.

வளர்ச்சி என்று ஏதாவது நடந்ததென்றால் அது லீவில் நடந்தது. எனக்கு ஊர் சிவகாசி. அப்பாவுக்கு ஆஃப்செட் பிரஸ்ஸில் வேலை. லீவுக்குப் போனால் வீட்டில் சும்மா இருக்க விடமாட்டார், பிரஸ்ஸுக்குக் கூட்டிப்போய் ரீடச்சிங் செய்கிறவர் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார். ஆடிப்பெருக்கு அன்று அங்கே அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் வெளிவரும்; இன்றும் வருகிறது. அந்த ஆல்பத்தில் முருகன், லட்சுமி, குழந்தை, இயற்கைக் காட்சி என்று எல்லாருக்கும் நம்பர் உண்டு. வியாபாரி வந்து நம்பர் சொல்வார், அடியில் கடைப் பெயர் ஏறும். அந்தச் சாமி முகங்களுக்குப் பின்னால் கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவரிடம் பழகினவர்களும் இருந்தார்கள். அவரும் சென்னையில் ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, அப்புறம் காலண்டருக்கு வந்தவர். எங்கள் கல்லூரியில் அவர் பெயரை ஒரு ஆசிரியர்கூடச் சொல்லவில்லை. எல்லார் வீட்டுச் சுவரிலும் அவர் வழிவந்த படம் தொங்கிக்கொண்டிருந்தது, அதனால் சொல்லத் தோன்றவில்லை போலும்.

பிரஸ்ஸில் என்னைக் கேட்ட ஒரே கேள்வி, “எத்தனை கலர்?” என்பது. தீப்பெட்டி லேபிளுக்கு மூன்றாவது கலர் கேட்டால் இன்னொரு பிளேட், இன்னொரு ஓட்டம். முதலாளி முகம் மாறிவிடும். சிவப்பும் மஞ்சளும் மட்டும் தருவார்கள். ஒன்றன்மேல் ஒன்று ஓடும் இடத்தில் ஆரஞ்சு தானாகப் பிறக்கும், அது இனாம். தாளின் வெள்ளையும் இனாம். இரண்டு கலர் காசில் நாலு கலர். இன்னொன்று, மஞ்சளை எப்போதும் சிவப்புக்கு அடியில் மயிரிழை நுழைத்துவிடச் சொல்வார் ரீடச்சர். ஓட்டத்தில் தாள் கொஞ்சம் நகர்ந்து ‘அவுட்’ ஆனாலும் நடுவில் வெள்ளைக் கீற்று தெரியாது. கல்லூரியில் வண்ணச் சக்கரத்தின் பன்னிரண்டு நிறத்தையும் பூசிக் கழுவிப் பூசியவனுக்கு, இதுதான் நிறம் என்று அங்கேதான் உறைத்தது. இந்த மாணவியின் மிட்டாய் டப்பாவில் பதினொரு நிறம். ஒவ்வொன்றுக்கும் ஒரு உணர்ச்சி எழுதியிருந்தாள். டிஜிட்டல் பிரிண்டில் பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் ஒரே காசு, பாவம், அவள் ஏன் சிக்கனமாக இருக்க வேண்டும்?

எழுத்து விஷயத்தில் காலம் போட்ட ஆட்டம் தனி. லெட்ராசெட் தாளை வைத்துத் தேய்த்தால் எழுத்து அட்டையில் ஏறிக்கொள்ளும். ஆனால் எங்கள் கைக்கு வந்ததெல்லாம் ஆங்கில எழுத்து. தமிழ் என்றால் கையால்தான். கட்டம் போட்டு ‘அ’ எழுத ஒரு மத்தியானம் போகும். பெரியார் கேட்ட எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ஏற்றிருந்தது. ஆனால் எங்களில் பலருக்குக் கை பழைய பழக்கத்தில் ‘லை’க்கும் ‘னை’க்கும் முன்னால் சீர்திருத்தம் நீக்கிய தும்பிக்கையைத் தூக்கிவிடும். சார் அதன்மேல் சிவப்புப் பென்சிலில் பெருக்கல் குறி போடுவார். அந்தத் தும்பிக்கை இப்போது திரும்பி வந்திருக்கிறது. மிட்டாய் டப்பாவில் பழைய ‘லை’ கம்பீரமாக நிற்கிறது. பக்கத்து ஜூரி, “வாவ், ரெட்ரோ” என்று ஐந்து மார்க் கூட்டினார். எனக்குப் போன மார்க்கை வட்டியோடு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

போர்டு எழுதுகிறவர்கள் கதையும் இதேதான். அன்றைக்கு எங்கள் வகுப்பில் ஆகக் கொடிய வசவு, “என்னப்பா இது, போர்டு எழுதற மாதிரி எழுதியிருக்கே?” என்பது. சலூன் கடைப் பலகையில் எழுத்துக்கு நிழல் கொடுத்து, நிழலுக்கு ஓரம் கொடுத்து, மூலையில் தன் பெயரையும் ‘ஆர்ட்ஸ்’ என்று போட்டுக்கொள்ளும் ஓவியர்களைப் பார்த்து ஒதுங்கிப் போவோம். பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. ஒரே ராத்திரியில் பேனர் அடித்துக் கட்டிவிட்டார்கள், பிரஷ்காரர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். அவர்கள் போய் முடிந்த பிறகுதான் டிசைன் கல்லூரிகள் அவர்களைக் கண்டுபிடித்தன. இப்போது ஆண்டுக்கு ஒரு குழுவாவது ‘மறைந்துவரும் தெரு எழுத்துக்கலை’ என்று ப்ராஜெக்ட் செய்கிறது. மிஞ்சியிருக்கும் பெயின்டர் ஒருவரைப் பிடித்து வீடியோ எடுக்கிறார்கள். அப்படி ஒரு வீடியோவில் பெயின்டர் அண்ணன் எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் கேமராவைப் பார்த்து, “தம்பி, உங்க காலேஜுக்குப் போர்டு எழுதணும்னா சொல்லுங்க” என்கிறார். அந்தக் கல்லூரி வாசலில் தொங்குவது ஃபிளெக்ஸ்.

நடுவில் கம்ப்யூட்டர் வந்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பேஜ்மேக்கர் வந்தது, ரப்பர் சொல்யூஷன் வாசனை போனது. ஃபோட்டோஷாப்பில் யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று கழன்று விழுந்த வருடங்கள் பல. அதற்குப் பயந்து ஊருக்கு ஒரு ஃபான்ட், பிரஸ்ஸுக்கு ஒரு கீபோர்டு என்று வாழ்ந்தோம். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. கேட்டமரான், முக்த மலர், பலூ தம்பி என்று இலவசமாகவே நல்ல எழுத்துரு கிடைக்கிறது. அவற்றை வைத்துக்கொண்டு அவர்கள் முதலில் ஆங்கிலத்தில் லோகோ செய்து, பிறகு மிச்சமிருக்கும் இடத்தில் தமிழைக் குடிவைக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

மிட்டாய் மாணவியிடம் வருகிறேன். அவள் புத்தகத்தின் பென்சில் கிறுக்கல்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஏதோ உறுத்தியது. உண்மையான ரஃப் என்றால் அங்குமிங்கும் ஓடும். நல்லதை விட்டுவிட்டுக் கெட்டதைத் துரத்தும். நடுவில் வேறெதற்கோ போன் நம்பர் குறித்திருக்கும். இவளுடையது முதல் கிறுக்கலில் இருந்து கடைசி வரை ரயில் பிடிக்கப் போவதுபோல நேராக ஃபைனலை நோக்கி நடந்தது. ஓரத்தில் டீ டம்ளர் வைத்த வட்டக் கறை. அடுத்த பக்கத்திலும் கறை, அதே வட்டம், அதே இடத்தில் சின்னச் சொட்டு.

“டீ கறை நல்லா இருக்கும்மா.”

“பிரஷ் சார் அது. ஐபேடுல இருக்கு.”

“ரஃப்?”

அவள் கொஞ்சமும் அசரவில்லை. “ஃபைனல் முதல் நாளே வந்திருச்சு சார். ஏ.ஐ.ல நாலஞ்சு போட்டுப் பார்த்தேன், ஒண்ணு செட் ஆச்சு. எழுத்து மட்டும் தமிழ் மாதிரி ஏதோ வந்துச்சு, படிக்க முடியல, அதை நானே வரைஞ்சிட்டேன். ரஃப் பண்ணத்தான் சார் பத்து நாள் ஆச்சு.”

பத்து நாள்! எனக்கு அவள்மேல் மதிப்பு வந்துவிட்டது. முடிந்துபோன வேலையில் இருந்து பின்னோக்கி நடந்து, ஒவ்வொரு படியிலும் எங்கே தடுமாறியிருக்க வேண்டும் என்று யோசித்து, தடுமாற்றத்தை வரைந்து, கறையும் வைத்து, அதற்கொரு ஆன்மப் பரிசோதனையும் எழுதுவது லேசான காரியமா? எங்களுக்கு அழிக்கத்தான் தெரிந்தது. செயல்முறைக்கு 38 போட்டேன்.

ஜூரி முடிந்து கிளம்பும்போது வாசலில் வந்து நின்றாள். “சார், உங்க காலேஜ் டைம் ரஃப் ஏதாவது வெச்சிருக்கீங்களா? ஸ்கேன் பண்ணிக்கிறேன். டெக்ஸ்சர் ஒரிஜினலா இருக்கும்.”

ரஃபை யார் வைத்திருந்தார்கள்? பட்டர் பேப்பரை அன்றே கசக்கிப் போட்டுவிடுவோம். ஆனால் இவ்வளவு ஆர்வமாகக் கேட்கும் பிள்ளையிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். பழைய ட்ரேசிங் பேடில் நாலு தாள் கிடைத்தது. அன்றைய சோப்பு விளம்பரம் ஒன்றை மனதுக்குக் கொண்டுவந்து, எனக்கு வராத மாதிரி சில கிறுக்கல், அடித்தல், ஓரத்தில் ஒரு ஆறிலக்க டெலிபோன் நம்பர். டம்ளரை அசல் டீயோடு வைத்து எடுத்தேன். போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. “செம சார்!! ஆனா ரொம்ப நீட்டா இருக்கு. இன்னும் கொஞ்சம் ரஃபா இருக்கிறது கிடைக்குமா?”