இரட்டைச் சுவரினிடையே ஒரு குமிழி

பனிக்கோள டம்ளர் எனப்படுவது, அக்ரிலிக் நெகிழியால் உள்ளொன்றும் வெளியொன்றுமாக இரு சுவர் வைத்துச் செய்யப்பட்டு, மூடியும் உறிஞ்சுகுழலும் உடையதாக விற்கப்படும் பெரிய குளிர்பானக் குவளையின் அடியில் துளையிட்டு, சுவர்களுக்கு இடைப்பட்ட வெளியில் ஜிகினாத் தூளையும் கிளிசரினையும் நீரையும் செலுத்தி, துளையைப் பிசினால் அடைத்து, குலுக்குந்தோறும் ஜிகினா மெல்லப் பொழியும்படி ஆக்கப்படும் பொருளாகும். அமெரிக்க இல்லங்களில் சமையலறை மேசையின் பாதியைச் சில ஆண்டுகளாகக் கைப்பற்றியிருக்கும் இக்கலையில் மக்கள் ஏன் ஈடுபடுகின்றனர் என்பதை இங்கு விளக்க வேண்டியதில்லை. இதைப் படிப்பவர் வீட்டுத் தரையிலும் ஜிகினா கிடக்கும்.

இவ்வாய்வுக்குத் தூண்டுகோலாக அமைந்தது, சென்ற வாரம், பிறந்தநாள் பரிசாக வண்ணத்தாளில் சுற்றி வைக்கப்பட்டிருந்த டம்ளர் ஒன்று, இரவோடு இரவாகத் தன் வயிற்றிலிருந்த அனைத்தையும் ஒரு மேசைமீது கசியவிட்ட நிகழ்வாகும்; அந்த மேசை யாருடையது என்பது ஆய்வுக்குத் தொடர்பற்றது. அடைப்பு எதனால் தோற்கிறது, அதைத் தோற்காமல் செய்வது எங்ஙனம் என்பதே இக்கட்டுரை கூற வந்த பொருள். ஆயினும் அடைப்பைப் பற்றிப் பேசுமுன் குமிழியைப் பற்றிச் சிறிது கூறியாக வேண்டும். குமிழிக்கும் முன்னால் பனிக்கோளத்தின் வரலாற்றை ஓரிரு வரிகளிலேனும் தொடாவிட்டால் கட்டுரைக்குரிய தோற்றம் வராது.

வியன்னா நகரில் அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்துவந்த எர்வின் பெர்சி என்பார், 1900ஆம் ஆண்டளவில், மின்விளக்கின் மங்கிய ஒளியைக் கூட்ட வேண்டி, நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டை ஒன்றை விளக்கின் முன் வைத்து, அதனுள் கண்ணாடித் துகள்களை இட்டுப் பார்த்தார். அவை உடனே அடியில் படிந்துவிடவே, ரவையை இட்டார். ஒளி கூடவில்லை, ரவை மட்டும் பனிபோல் இறங்கிற்று. மரியாசெல் திருத்தலத்தின் சிற்றுருவை உள்ளே வைத்து அவர் தொடங்கிய தொழில் இன்றும் அக்குடும்பத்தாரிடமே இருக்கிறது. இப்போது உள்ளே பொழியும் பனி எதனால் ஆனது என்பது குடும்ப இரகசியம். ரவையோடு நின்றிருந்தால் உலகம் நன்றாகத்தான் இருந்திருக்கும். அலுமினியம் பூசிய மெல்லிய நெகிழித் தாளை, வீணாகும் துண்டு மிஞ்சாதபடி அறுகோணங்களாக வெட்டிய ஜிகினா பிற்காலத்தது.

இனிக் குமிழி. நிரப்பி அடைத்துத் துடைத்து வைத்த டம்ளரின் விளிம்புக்குக் கீழே மறுநாள் காலையில் தோன்றி, அதன்பின் என்றும் அகலாத காற்றுப் பகுதியே குமிழி எனப்படும். செய்முறைக் காணொளிகளில் குமிழி இடம்பெறுவதில்லை. அவற்றில் வரும் டம்ளர்கள் யாவும் நிரப்பிய ஐந்தாம் நிமிடத்தில் படம்பிடிக்கப்படுபவை, குமிழியோ பொறுமையுடையது. அது எங்கிருந்து வருகிறது என்ற வினாவுக்கு விடை ஒன்றன்று. ஜிகினாவின் தட்டையான துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கிடக்கையில் அவற்றின் இடையே காற்று சிறைப்பட்டிருக்கும். நீரின் பரப்பு இழுவிசை, அதாவது நீரின் மேற்பரப்பு ஒரு தோல்போல் இறுகி நிற்கும் இயல்பு, அத்துண்டுகளை நனையவிடாமல் தடுப்பதால், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு சொட்டு இடுமாறு விதிக்கப்படுகிறது. ஒரு சொட்டு இட்டால் ஜிகினா நனைந்து இறங்கும். இரண்டு சொட்டு இட்டுக் குலுக்கினால், குமிழி ஒன்றிருந்த இடத்தில் நுரையாக ஆயிரம் இருக்கும்.

இவ்வகைக் குமிழியை ஒழித்தாலும் அடுத்த வகை காத்திருக்கும். அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 20 மில்லிலிட்டர் காற்று கரைந்திருக்கிறது. நீர் சூடேறும்போது அதில் ஒரு பகுதி வெளிப்பட்டுவிடும். எனவே நீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அதன்பின் செலுத்த வேண்டும் என்பர். அவ்வாறு செய்தவர், கெட்டியான கிளிசரின் தன்னைக் கலக்கிய கரண்டி கொணர்ந்த காற்றையெல்லாம் நுண்குமிழிகளாகப் பல மணிநேரம் விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் என்ற உண்மையை அப்போது அறிவார். கிளிசரினை இளஞ்சூடாக்கிக் கலக்கினால் குமிழிகள் ஏறிப்போகும். சூடான கலவையை அப்படியே நிரப்பி அடைத்தவர், அது ஆறிச் சுருங்கியதும் விளிம்பின் கீழ் விரல்நகம் அளவில் ஓர் இடைவெளியைக் காண்பார். அதுவும் குமிழியே.

இங்ஙனம் ஒவ்வொன்றாக ஒழித்து, சிரிஞ்சின் ஊசியால் கடைசித் துளியையும் செலுத்தி, குமிழி என்பதே இல்லாத டம்ளரை ஒருவர் செய்து முடித்துவிட்டதாகவே கொள்வோம். அவர் செய்திருப்பது ஒரு வெடிபொருள். நீரும் கிளிசரினும் வெப்பத்தால் விரிவடையும் அளவு அக்ரிலிக் விரிவடையும் அளவைவிடப் பெரிது. நீர்மம் அழுத்தத்துக்குச் சுருங்கிக் கொடுக்காது. ஆகவே வெயிலில் நிறுத்திய காரினுள் வைக்கப்பட்ட அந்த நிறைகுவளை பிசினடைப்பைப் பிதுக்கித் தள்ளிவிடும். இதைத் தவிர்க்கச் சிறிதளவு காற்றை உள்ளே விட்டுவைக்க வேண்டும். ஒழிக்க இத்தனை நாள் பாடுபட்ட அதே காற்றைத்தான். கொத்தனாரின் ரசமட்டத்தில் உள்ள குமிழி தன் வேலையை அறிந்து நடுவில் நிற்கிறது; டம்ளரின் குமிழியோ, குடிப்பவர் குவளையைச் சாய்க்கும் ஒவ்வொரு முறையும் சுவர் முழுதும் ஊர்ந்து சென்று, பொன்னெழுத்தில் ஒட்டிய பெயரின் முதலெழுத்துக்குப் பின்னால் போய் உட்காருகிறது. குமிழி இல்லாவிட்டால் டம்ளர் வெடிக்கும், இருந்தால் பரிசு பெற்றவர் அதைச் சுட்டிக்காட்டி, இது என்ன என்று கேட்பார். அவருக்கு வெப்ப விரிவைப் பற்றி விளக்கத் தொடங்குவது நட்புக்கு நல்லதன்று.

ஜிகினா விழும் வேகத்தைப் பற்றி விரிவாகக் கூற இடமில்லை. ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851இல் உருண்டைத் துகளுக்கென வகுத்த விதியின்படி, துகளின் ஆரம் இரு மடங்கானால் வீழும் வேகம் நான்கு மடங்காகும், நீர்மத்தின் பாகுநிலை, அதாவது ஓடத் தயங்கும் தன்மை, கூடக் கூட வேகம் குறையும். தூய கிளிசரினின் பாகுநிலை நீரினுடையதைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்டது. எடையில் சரிபாதி நீர் கலந்ததும் அது ஆறு மடங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. கிளிசரினின் விலையைக் கண்டு சரிபாதியாகக் கலந்தவர்கள் ஜிகினா ஏன் மழைபோல் கொட்டுகிறது என்று வியப்பதன் காரணம் இதுவே.

அடைப்புக்கு வருவோம். துளையைச் சுற்றி எண்ணெய்ப் பசை இருந்தால் பிசின் பற்றாது என்பதற்காக ஆல்கஹாலால் துடைக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. ஆல்கஹால் பட்ட அக்ரிலிக், அதிலும் துளையிட்டதால் தகைவுற்ற இடத்தில், மயிரிழை வெடிப்புகளை விட்டுக்கொள்ளும். அவ்வெடிப்பின் வழியாக நீர்மம் வெளியே வருமுன் காற்று உள்ளே போகிறது. டம்ளரில் பனிக்கட்டி இட்டதும் உள்ளிருக்கும் கலவை குளிர்ந்து சுருங்கிக் காற்றை உறிஞ்சுவதே அதற்குக் காரணம். எனவே மேலே கூறிய குமிழி வகைகளோடு இதனையும் ஒன்றாகச் சேர்த்தல் வேண்டும். இது வளரும் வகை. பிற வகைகளைப் போலன்றி, நாள்தோறும் பருத்து, ஒரு கட்டத்தில் டம்ளரில் பாதியளவு காற்றே தெரியும். அந்நிலையிலும் அதனைக் குலுக்கிப் பார்ப்போர் உளர்.

ஐரோப்பிய ஒன்றியம், பொடியாக விற்கப்படும் நெகிழி ஜிகினாவின் விற்பனையை 2023 அக்டோபர் 17 முதல் தடைசெய்தபோது, வெளியேற முடியாதபடி அடைத்து வைக்கப்பட்ட ஜிகினாவுக்கு, பனிக்கோளங்களில் உள்ளதைப் போன்றதற்கு, விலக்கு அளித்தது. அவ்விதியை வரைந்தோர் வீட்டில் ஒரு டம்ளரும் செய்து பார்த்ததில்லை என்பது தெளிவு. கசிந்ததையும் மிஞ்சியதையும் தொட்டியில் கொட்டாமல், காபி வடிதாளில் வடித்து, தாள் உலர்ந்தபின் குப்பையில் இடவேண்டும் என்று அறிவுரை கூறும் காணொளிகள் உண்டு. வடித்து முடித்தவர் கைகழுவப் போவது அதே தொட்டிக்குத்தான் என்பதை அவற்றுள் ஒன்றேனும் காட்டுவதில்லை.