சர்ப்ப சீதோஷ்ண விசாரம்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம்மவர் வெகுகாலத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டுவிட்ட பிரமாணம். ஆனால் அந்தப் பாம்பு எப்போது நடுங்கும், நடுங்கினால் அதற்குப் போர்த்துவது யார், போர்த்தினால்தான் பலன் உண்டா என்னும் கேள்விகளைப் படையிடம் போய்க் கேட்பதற்கில்லை. கும்பகோணத்தில் பிறந்து, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, ஹைதராபாத் மாதாப்பூரில் துர்க்கம் செருவு ஏரிக்குச் சமீபமான ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தின் ஆறாவது மாடியில், மகள் வீட்டில், பேரன் வளர்க்கும் பாம்போடு ஒரே கூரையின்கீழ் மூன்று மார்கழிகளைக் கழித்தவன் என்ற ஒரே யோக்கியதையைக் கொண்டு நான் இந்த விசாரத்தில் இறங்குகிறேன்.

முதலில் தேச காலம். கடற்கரை ஊர்களில் கடலானது பகலெல்லாம் வாங்கிவைத்த சூட்டை இராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்து ஜனங்களைக் காப்பாற்றுகிறது. கடல் மட்டத்துக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல், தக்காணப் பீடபூமியின் பாறைகளின்மீது உட்கார்ந்திருக்கும் ஹைதராபாத்துக்கு அந்த உபகாரம் கிடையாது. 1946-ஆம் வருஷம் ஜனவரி 8-ஆம் தேதி இந்நகரத்தில் வெப்பம் 6.1 டிகிரிக்கு இறங்கியது என்று பதிவாகியிருக்கிறது. 1998-இல் சைபர் டவர்ஸ் என்னும் கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டிடம் எழும்பியபின் மாதாப்பூரில் வீடுகள் மாடிமேல் மாடியாக உயர்ந்தனவே ஒழிய, அவற்றுள் ஒன்றிலாவது கணப்பு வைக்க இடம் விட்டுக் கட்டியதாக நான் கண்டதில்லை. தரையில் பளபளவென்று டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். தை மாதத்து விடியற்காலையில் அதன்மேல் வெறுங்காலை வைத்தவன் பிறகு ஆயுசு முழுவதும் செருப்பைப் பற்றி மரியாதையாகவே பேசுவான். அன்றியும், மாப்பிள்ளை கம்ப்யூட்டர் உத்தியோகஸ்தராகையால், கோடையில் ஏசி பதினெட்டில் நிற்கும். ஆகவே மாதாப்பூரில் வாழும் பாம்புக்கு வருஷத்தில் இரண்டு குளிர்காலம்: மார்கழியில் ஆண்டவன் தருவது ஒன்று, சித்திரையில் மாப்பிள்ளை தருவது மற்றொன்று.

அடுத்தது, பாத்திரம். இந்த ஜந்துவுக்குப் ‘பால் பைத்தான்’ என்று பெயர். பேரன் முதன்முதலாக இப்பெயரைச் சொன்னதும் என் மனைவி உள்ளே போய்க் கிண்ணத்தில் பால் கொண்டுவந்தாள். பாம்புக்குப் பால் ஆகாது என்பதும், ஒவ்வொரு நாக பஞ்சமிக்கும் இதே நகரத்துப் பாம்பு நண்பர்கள் சங்கத்தார் அதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றுகிறார்கள் என்பதும், இந்தப் ‘பால்’ பந்தைக் குறிக்கும் பால் என்பதும், பயந்தால் தலையை நடுவே ஒளித்துக்கொண்டு பந்தாய்ச் சுருள்வதால் வந்த காரணப்பெயர் என்பதும் பிறகுதான் விளங்கின. மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கதகதப்பாகக் குடியிருக்கும் ஜாதி. நம் நாட்டுப் பாம்பை வீட்டில் வைத்துக்கொள்வதை 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது. அயல்நாட்டு ஜாதியாகையால் இதைப் பரிவேஷ் என்னும் சர்க்கார் இணையதளத்தில் முறைப்படி பதிவு செய்து காகிதத்தோடு வைத்திருக்கிறான் பேரன். எனக்கு இந்த வீட்டு விலாசத்தில் இன்னும் ஆதார் மாற்றப்படவில்லை. அதன் ஆகாரம் யாது, அது எந்தப் பெட்டியில் உறைந்து கிடக்கிறது என்பவற்றை என் மனைவியின் மன அமைதியை முன்னிட்டு விட்டுவிடுகிறேன்.

இனி பூர்வபக்ஷம். “குளிர்கிறதென்றால் போர்த்திவிடுங்களேன், என் பழைய சால்வை ஒன்று இருக்கிறது” என்றாள் மனைவி. உலகத்தில் பெரும்பாலோர் கட்சியும் இதுவே. ஆகையால் இதை நிதானமாகக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. கம்பளிக்குச் சுயமாகச் சூடு கிடையாது. நம் உடம்பு உண்டாக்கும் சூட்டை அது வெளியே விடாமல் மறித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவே. பாம்போ சூட்டை உண்டாக்கும் பிராணியன்று. வெளியிலிருந்து கடன் வாங்கும் பிராணி. குளிர்ந்துபோன பாம்பைச் சால்வையால் சுற்றினால், உள்ளே இருக்கும் குளிர்தான் பத்திரமாக இருக்கும். அந்தக் காலத்தில் மகாமகக் குளத்தங்கரை ஐஸ்காரன் ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்துச் சாக்கைச் சுற்றி வைத்திருந்தது ஐஸுக்குக் குளிரும் என்ற ஜீவகாருண்யத்தினால் அல்லவே! இந்தத் திருஷ்டாந்தத்தைக் கேட்டபின் மனைவி சால்வையை என் தோளில் போட்டுவிட்டுப் போனாள்; வாதத்தில் ஜெயித்து வஸ்திர லாபமும் அடைந்தது என் வாழ்க்கையில் அது ஒரு முறைதான்.

ஆக, சூடு வெளியிலிருந்தே வரவேண்டும். பகதூர்புராவில் 1963-இல் திறக்கப்பட்ட நேரு விலங்கியல் பூங்காவில்கூடக் குளிர்காலம் வந்தால் ஊர்வன இருக்கும் கூண்டுகளுக்குப் பல்பும் ஹீட்டரும் போடுகிறார்கள். நம் வீட்டில் பிளாஸ்டிக் பாய்போன்ற ஹீட் மேட் ஒன்று வந்தது. விற்றவர், “அது ஆட்டோமேடிக் சார்” என்றார். ஆட்டோமேடிக்காக அது செய்த ஒரே காரியம் ஓயாமல் சூடேறிக்கொண்டே போனதுதான். இங்கே ஒரு விபரீதத்தைக் கவனிக்க வேண்டும். கும்மிருட்டில் எலியின் உடற்சூட்டை உதட்டோரத்துக் குழிகளால் கண்டுபிடிக்கும் இப்பிராணி, தன் வயிற்றுத்தோல் வேகும்போது மட்டும் விலகத் தோன்றாமல் கிடந்துவிடுவது உண்டு. ஆகையால் தெர்மோஸ்டாட் என்னும் காவல்காரன் இன்றி மேட்டோ பல்போ போடலாகாது என்பது சித்தாந்தம். அதிலும் பெட்டி முழுவதையும் ஒரே சூடாக்கிவிடக் கூடாது. ஓர் ஓரம் 31, 32 டிகிரி, எதிர் ஓரம் 25, 26 என்று இருக்கவேண்டும். வேண்டும்போது இங்கேயும் வேண்டாதபோது அங்கேயும் அது நகர்ந்துகொள்ளும். “சூடு பத்தலேன்னா தின்னது செரிக்காது தாத்தா, வாந்தி எடுத்துடும்” என்றான் பேரன். எனக்கும் அப்படித்தானடா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் சூடான ஓரத்தில் கைவைத்துப் பார்க்கக் குனிந்துவிட்டான். வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் மட்டும் பெட்டியையும் என் மங்கி கேப்பையும் மாறி மாறிப் பார்த்து, “பாமுகி ஹீட்டரா!” என்று தெலுங்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்; என் கட்சியை இவ்வளவு சுருக்கமாக வேறெவரும் எடுத்துரைத்ததில்லை.

நிற்க, பாம்பு நடுங்காது என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. சந்திரநாகூரில் இருந்த லமார் பிகோ என்னும் பிரெஞ்சுக்காரர், மலைப்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றிப் படுத்து அவற்றுக்குச் சூடேற்றுகிறது என்று கண்டு, 1832-இல் பாரிஸ் பண்டிதர்களிடம் சொன்னார். குளிர்ந்த பிராணி சூடு கொடுப்பதாவது என்று அவர்கள் தள்ளிவிட்டார்கள். 1841-இல் வலென்சியன் என்பவர் அதே பாரிஸில் அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு மலைப்பாம்பின் மடிப்புகளுக்கிடையே தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தபோது, லமார் பிகோ சொன்னது மெய்யென்று ஆயிற்று. அந்தத் தாய்ப்பாம்பு சதையை விட்டுவிட்டு இழுத்து நடுங்கித்தான் சூட்டை உண்டாக்குகிறது என்பதை 1966-இல் நியூயார்க்கில் ஹட்சிசன் முதலியோர் அளந்து எழுதினார்கள். பால் பைத்தான் முட்டைகளைச் சுற்றிக்கொள்ளுமே தவிர இப்படி நடுங்குவதில்லை. ஆதலால் எங்கள் வீட்டில் நடுங்க வேண்டிய பொறுப்பு முழுவதும் என்னைச் சேர்ந்தது.

சென்ற தையில் ஒரு நாள் இராத்திரி இரண்டரை மணிக்குக் கரண்ட் போயிற்று. இன்வெர்ட்டர் விளக்குக்கும் மின்விசிறிக்கும் உண்டு; பாம்புப் பெட்டி சொருகியிருக்கும் பிளக்குக்கு இல்லை. பேரன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குள்ளிருந்த பேட்டரி தெர்மாமீட்டரைப் பார்த்தபடி நின்றான்: 31.5; கால் மணியில் 29; பிறகு 27.5. கூடத்தில் பதினேழு. வெளியிலிருந்து சூடு வருவது நின்றுவிட்டபோது, உள்ளதைக் காப்பாற்றப் பெட்டிக்கு வெளியே போர்வை போடலாம் என்று சாஸ்திரம் இடங்கொடுப்பதால், வாதத்தில் ஜெயித்து வாங்கிய சால்வையைப் பெட்டியின்மேல் நானே போட்டேன். அப்போதும் எண் இறங்கிற்று. பேரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நேராக என்னைப் பார்த்தான் என்று சொல்ல முடியாது, என் முழங்காலுக்கு நான் வைத்துக்கொண்டிருந்த வெந்நீர்ப் பையைப் பார்த்தான். “தாத்தா, ஒரு மணி நேரத்துக்குத்தான்” என்றான். கேஸ் அடுப்பில் மறுபடி வெந்நீர் வைத்து, பையை நிரப்பி, துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, சூடான ஓரத்தில் நானே கொண்டுபோய் வைத்தேன். பாம்பு மெல்லத் தலையை எடுத்தது, நாக்கை நீட்டித் துண்டைச் சோதித்தது, பிறகு என் வெந்நீர்ப் பையின்மேல் வளையம் வளையமாய் அமர்ந்தது. நாலே காலுக்குக் கரண்ட் வந்தது. சால்வை மறுநாள் துவைத்து வந்துவிட்டது. வெந்நீர்ப் பை, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று, இன்றுவரை பெட்டிக்குக் கீழ்த்தட்டிலேயே இருக்கிறது.