படைக்குப் பிந்து, பேராண்டி

டேய் பேராண்டி, மொத எடத்துக்கு ஓடிப்போயி நிக்க ஒனக்கு என்னடா அப்படி அவசரம்? அங்க என்ன எலை போட்டு வச்சிருக்காகளா? பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு பெரியவுக சொன்னது மாரியோ கார்ட்டுங்குற வண்டிப்பந்தய வெளாட்டுக்குத்தான்னு எனக்கு இந்தக் கோடை லீவுலதான் வெளங்குச்சு. நீ மொத வளைவுலயே அத்தன பேரையும் இடிச்சுத் தள்ளிட்டு முன்னுக்க ஓடுற. மூணாவது சுத்துல, எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியிற தூரத்துல, முள்ளு வச்ச நீல ஆமை ஓடு ஒண்ணு பின்னாடியே தேடி வருது. ஒன் தலைக்கு மேல ஒரு வட்டம் போடுது, தொபுக்குன்னு எறங்குது. நீ கவுந்து எந்திரிக்கிறதுக்குள்ள அஞ்சாறு பேரு தாண்டிப் போயிடுறாய்ங்க. நீ "அநியாயம்"னு போட்ட கூச்சல்ல ஒங்க அப்பத்தா அடுப்புல பாலைப் பொங்க விட்டுட்டா.

அநியாயம் என்னடா அநியாயம்? அந்த ஓடு 1996லயே, மாரியோ கார்ட் 64 வந்தப்பவே வந்துருச்சு. அப்ப ஒங்கப்பன் அரை டவுசரோட திரிஞ்சுக்கிட்டு இருந்தான். முன்னால போறவன் மண்டையத் தேடி அடிக்கிறது ஒண்ணுதான் அதுக்கு வேல. அது தெரிஞ்சும் மண்டைய நீட்டுறவனைப் பாத்துப் பரிதாபப்பட எனக்கு நேரமில்ல.

ரோட்டுல கேள்விக்குறி போட்ட பெட்டி தொங்குதே, அதுக்குக் கண்ணு இருக்குடா. முன்னால போறவனுக்கும் ஒனக்கும் எம்புட்டு தூரம்னு அளந்து பாத்துத்தான் எடுத்துக் குடுக்கும். மொத ஆளுக்கு ஒரு காசு, மிஞ்சிப்போனா ஒரு வாழைப்பழத் தோலு. கடைசியில வர்றவனுக்கு நட்சத்திரம், மின்னலு, அதுவும் பத்தலைன்னா புல்லட் பில். அது கெடைச்சா வண்டியே தோட்டாவா மாறித் தன்னால பறக்கும், நீ கையக் கட்டிக்கிட்டு உக்காந்துக்கலாம். மனுவத் தூக்கிக்கிட்டு வரிசையில கடைசியா நிக்கிறவனை இந்த ஒலகத்துல எந்த ஆபீசுலயாவது இப்படிக் கூப்பிட்டுக் குடுத்துப் பாத்திருக்கியா? நான் பாத்ததில்ல. அதனாலதான் இந்த வெளாட்டு மேல எனக்கு ஒரு மரியாத.

ஆகையினால கேட்டுக்க. ரெண்டு சுத்து வரைக்கும் மூணாவது, நாலாவதா மெதப்பா வா. முன்னால போறவன் முதுகுக்கு நேரா கொஞ்ச நேரம் ஓடுனா காத்து தடுக்காது, வண்டி தன்னால வேகம் புடிக்கும். அதுக்காக ரொம்ப ஒட்டிறாத. அவன் மேல ஓடு எறங்குச்சுன்னா வெடி ஒன்னையும் சேத்துத் தூக்கும். கையில ரெண்டு சாமான் வச்சுக்கலாம்னு இந்த மாரியோ கார்ட் 8 டீலக்ஸ்ல விட்டிருக்கான். ஒண்ணு அடிக்க, ஒண்ணு தடுக்க. சூப்பர் ஹாரன் கெடைச்சா பொத்தி வச்சுக்க. அத ஊதுனா நீல ஓடே செதறிப் போயிரும், வேற எதுக்கும் அது சுளுவுல அசையாது. நீ என்னடான்னா கெடைச்ச கையோட ஊதிப் பாத்துட்டுப் பல்ல இளிக்கிற.

காசையும் பொறக்கு. பத்துக் காசு வரைக்கும் சேரச் சேர வண்டி ஓட்டம் கூடும். ரோட்டுல கெடக்குற காச விட்டுட்டுப் போற மொத ஆளு எங்க வம்சத்துல நீதான்.

கெளம்புற கத வேற. 3, 2, 1னு வருதுல்ல? 2 எந்திரிக்கிறப்ப பொத்தான அமுக்கிப் புடிச்சா வண்டி சீறிப் பாயும். நீ 3 வர்றதுக்கு முன்னயே, கட்டைவெரலு வெளுத்துப் போற மாதிரி அமுக்கிக்கிட்டு ஒக்காந்திருக்க. வண்டி பொகையக் கக்கிட்டு நின்ன எடத்துலயே நிக்குது. பெறகு "தாத்தா, பட்டன் சரியில்ல"ங்குற. பட்டன் நல்லாத்தான் இருக்கு.

அது சரி, வலப்பக்கம் வளைவு வந்தா நீ ஏன்டா கட்டிலோட சேந்து சாயுற? நாக்கு ஒரு பக்கம் தொங்குது, மூச்சு நிக்குது, முழங்கை என் வெலாவுல ஏறுது. திரை என்னமோ ஆறங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. நீ நாலு மொழம் சாஞ்சாலும் உள்ள இருக்க வண்டி ஒரு நூலு நகராது. சாய்ச்சு ஓட்டுற வசதியும் அதுல இருக்குத்தான். அத நீ அணைச்சு வச்சிருக்க, நான் பாத்தேன்.

வளைவுல சாய வேண்டியது நீ இல்ல, வண்டி. ஆர் பொத்தான அமுக்கிக் குதிச்சு, ஒரு பக்கமா சறுக்கிக்கிட்டே போகணும். சக்கரத்துக்கிட்ட மொதல்ல நீலப் பொறி தெறிக்கும், பெறகு ஆரஞ்சு, கடைசியா ஊதா. எம்புட்டு நேரம் பொறுக்குறியோ அம்புட்டுக்கு விட்ட ஒடனே பாயும். நீ நீலத்தக் கண்டதுமே விட்டுர்ற. அப்படியே நீ பொறுத்தாலும் ஒன் வண்டியில ஊதா வராது. ஏன்னு பெறகு சொல்றேன்.

ஆளு எடுக்குறதுலயும் ஒனக்குப் புத்தி பத்தல. நம்ம பக்கம் மாட்டுவண்டிப் பந்தயத்துல பெரிய மாட்டோட பெரிய மாடு, நடுமாட்டோட நடுமாடு, பூஞ்சிட்டோட பூஞ்சிட்டுன்னு பிரிச்சு விடுவாக. இங்க அப்படியில்ல. பவுசர்னு கொம்பு வச்ச மலையும், பாலு மணம் மாறாத பேபி மாரியோவும் ஒரே கோட்டுல நிக்கிதுக, பன்னெண்டு வண்டியில. 50, 100, 150, 200 சிசின்னு பிரிச்சிருக்கது பூராம் வேகத்துக்குத்தான், ஆளுக்கு இல்ல. கொம்பைப் பாத்து மயங்கி நீ பவுசரையே எடுக்குற. அவன் கனத்த ஆளு. நெட்டை ரோட்டுல அவனப் புடிக்க முடியாது, வாஸ்தவந்தான். ஒரு தடவ அடிபட்டு நின்னா மறுபடி வேகம் புடிக்க நேரமாகும். வளைவுக்கு வளைவு செவுத்துல முட்டுற ஒனக்கு அந்தக் காளான் தலையன் டோட்டுதான் லாயக்கு. விழுந்த சுருக்குல எந்திரிச்சு ஓடுவான்.

இன்னொண்ணு. நான் மந்தையில ரெண்டு ஆட்டம் சீட்டுப் போட்டா ஒங்கப்பன் மூணு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறான். ஒனக்கு இத வாங்கித் தந்தானே, அந்த நிண்டெண்டோ எப்பேர்ப்பட்ட கம்பெனின்னு அவனையே கேளு. ஜப்பான்ல கியோட்டோங்குற ஊருல, 1889ல சீட்டுக்கட்டு செஞ்சு விக்க ஆரம்பிச்ச கம்பெனிடா அது. ஹனஃபுடான்னு பூப்போட்ட சீட்டு. நான் சீட்டாடுனா குடும்பம் குட்டிச்சுவரு, நீ ஆடுனா கைக்கும் கண்ணுக்கும் பயிற்சி. நல்லா இருக்குடா நியாயம்.

ஒரே ஒரு பந்தயம்னு நீ சொல்றது எப்பவும் ஒண்ணா இருக்கறதில்ல. கோப்பைன்னு ஒண்ண ஆரம்பிச்சா நாலு பந்தயம் ஓடித்தான் தீரணும். இன்னொண்ணு இன்னொண்ணுன்னு இழுக்குற இந்த வித்தை, காசு போட்டு ஆடுற ஆர்கேடு கடையில வந்தது. காசு போட்டவன் சுருக்கா தோத்து எந்திரிக்கணும். எந்திரிக்கிறப்பவே "இன்னொருக்க ஆடுனா ஜெயிச்சிருவேன்"னு அவன் கை சட்டப்பையத் தொழாவணும். 1986ல செகா கம்பெனிக்கு யூ சுசுகி செஞ்ச அவுட் ரன்னுங்குற காரு வெளாட்டும் இந்த ரகந்தான். செவப்புக் காரு, பக்கத்துல ஒரு பொண்ணு, கெளம்பும் முன்ன எந்தப் பாட்டு வேணும்னு நீயே எடுத்துக்கலாம். எல்லாம் சொகமாத்தான் இருக்கும், கடிகாரம் தீர்ற வரைக்கும். தீந்தா மறுபடி காசு. ஒன் பெட்டியில காசு போடுற ஓட்டை இல்ல. அதுக்குப் பதிலா ஒங்கம்மாவோட பொறுமையப் போட்டுக்கிட்டு இருக்க.

இப்ப அந்த ஊதாப் பொறிக்கு வர்றேன். ரெயின்போ ரோடுங்குற பாதையில ஓரத்துக்குத் தடுப்பே இல்லாத எடத்துலயும் நான் விழுகல, விழுகுறவனத் தூக்கி விடுற லக்கிட்டு மேகத்துல இருந்து தூண்டில் போட்டு என்னத் தூக்குனதே இல்லைன்னு தெரு பூராம் பீத்திக்கிட்டுத் திரியிற. ஒன் வண்டிக்குப் பின்னால ஒரு ஆன்டெனா நீட்டிக்கிட்டு இருக்கே, அது என்னன்னு ஒரு நாளாவது பாத்தியா? ஸ்மார்ட் ஸ்டியரிங்கு. நீ ஓரத்துக்குப் போனா அதுதான் புடிச்சு இழுத்து ரோட்டுக்குள்ள விடுது. அது இருக்க வரைக்கும் ஊதாப் பொறி வராது, குறுக்குப் பாதையில பலதுக்கும் விடாது. ஒன்னைய விட அந்தக் கம்பிதான்டா நல்லா ஓட்டுது.

நான் இத யாருகிட்டயும் சொல்லல. வண்டி எடுக்குற எடத்துல பிளஸ் பொத்தான அமுக்குனா பட்டியல் வரும், நீயே அணைச்சிரு. அணைச்சிட்டு ரெண்டு நாளைக்கு விழுந்து எந்திரி, பக்கத்து வீட்டுப் பயக முன்னால வேணாம்.

அந்த ஓரத்துக் கைப்பிடி ரெண்டுல செவப்ப இங்கிட்டுக் கழட்டிக் குடு. திரையச் செவுத்துல சாச்சு வையி. ரெண்டு பேரா ஆடுனா படம் ரெண்டாப் பிரியும், எனக்கு வலப்பக்கம் போதும். பொத்தான் கடுகத்தண்டி இருக்கு, மம்பட்டி புடிச்ச வெரலுக்கு எட்டாதுதான். அதப் பத்தி நீ கவலப்படாத. காலையில காலையில சார்ஜு ஏன் எறங்கிக் கெடக்குதுன்னு ஒங்கம்மா கேட்டா மட்டும், தெரியலன்னு சொல்லிரு.